மன்னிக்கப்பட்ட பாவம் மீண்டும் வருமா?

அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தின் இரண்டாம் பகுதியில் கிறிஸ்து நியாயாதிபதியாய் வரப்போவதை நாம் அறிக்கையிடுகிறோம்; மூன்றாம் பகுதியில் பாவமன்னிப்பை அறிக்கையிடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ளவை சில சொற்களே. ஓய்வுநாள்தோறும் நம் நாவு அந்த இடைவெளியை எளிதாய்க் கடந்துவிடுகிறது. நின்று சிந்திப்பவனுக்கோ அது எளிதன்று. பாவம் மன்னிக்கப்பட்டாயிற்று என்றால் நியாயந்தீர்க்க எஞ்சியிருப்பது யாது? நியாயத்தீர்ப்பு இனிமேல்தான் என்றால் இதுவரை மன்னிக்கப்பட்டது யாது?

இவ்வினா வகுப்பறையில் பிறந்ததன்று. ஊழியத்தில் இருவர் இதனை நம்மிடம் கேட்டனர். ஒருவர், மருத்துவமனையில் மரணப்படுக்கையில் இருந்த முதியவர். வாலிப வயதில் செய்த ஒரு பாவத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிக்கையிட்டு, மன்னிப்பின் உறுதியைப் பெற்று, திருவிருந்தில் பங்குபெற்று வந்தவர். "அங்கே போனபின் அதை மறுபடியும் எடுப்பார்களா, ஐயா?" என்று கேட்டார். மற்றவர் ஒரு விதவை. அவருடைய கணவரின் தம்பி பொய்ப் பத்திரம் எழுதி அவருடைய நிலத்தை எடுத்துக்கொண்டார். பின்னர் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு எழுந்து நின்று, தம் பாவங்கள் யாவும் மன்னிக்கப்பட்டன என்று சாட்சி கூறினார். நிலம் திரும்பவில்லை. "ஆண்டவர் அவரை மன்னித்துவிட்டார் என்றால், என் வழக்கை நான் யாரிடம் சொல்லுவது?" என்று அந்த அம்மையார் வினவினார்.

முதியவருக்கு நியாயத்தீர்ப்பு உண்டு என்பது அச்சம். விதவைக்கோ அது இல்லாமற்போய்விடுமோ என்பதே அச்சம். இவ்விருவருள் ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற விடை சுவிசேஷத்தின் விடையாக இருக்க இயலாது என்பது நம் துணிபு.

திருமறையின் இரு குரல்கள்

திருமறையில் இருவகைக் கூற்றுகள் அருகருகே நிற்கின்றன. விசுவாசிக்கிறவன் ஆக்கினைத்தீர்ப்புக்கு உட்படாமல் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குள் வந்துவிட்டான் என்பது யோவான் 5:24இன் கருத்து. கிறிஸ்துவுக்குள் இருப்போருக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்பது ரோமர் 8:1. எரேமியா 31:34 கர்த்தர் அக்கிரமத்தை நினைக்கமாட்டார் என்றும், மீகா 7:19 பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிடுவார் என்றும் கூறுகின்றன. ஆயினும் ரோமருக்கு எழுதிய அதே பவுல் அதே நிருபத்தில் (14:10-12), நாம் எல்லாரும் நியாயாசனத்தின் முன் நிற்போம், ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துக் கணக்கொப்புவிப்பான் என்கிறார். 2 கொரிந்தியர் 5:10ம் இதையே சபையாரை நோக்கிச் சொல்லுகிறது. புறம்பே உள்ளவர்களை நோக்கியன்று.

இச்சிக்கலிலிருந்து தப்ப எளிய வழியொன்று கன்வென்ஷன் மேடைகளில் காட்டப்படுவதுண்டு. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமத்தின் வாயிலாகப் பெரிதும் பரவிய போதனை அது. விசுவாசிகளுக்கு ஒரு நியாயாசனம், அவிசுவாசிகளுக்கு வேறொன்று. முன்னது பரிசளிப்பு விழாவைப் போன்றது, விளையாட்டு வீரர்கள் கிரீடம் பெறும் மேடை போன்றது என்பர். பவுல் பயன்படுத்தும் 'பேமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேடை என்ற பொருள் உண்டு என்பது மெய்யே. ஆனால் கொரிந்து சபையார் அச்சொல்லைக் கேட்டபொழுது அவர்கள் மனக்கண்முன் எழுந்தது யாது? அவர்கள் ஊர் நடுவே இருந்த பேமா, அகாயா நாட்டு அதிபதியாகிய கல்லியோன் வழக்குக் கேட்ட இடமாகும். பவுல் தாமே அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவராய் நிறுத்தப்பட்டார் (அப்போஸ்தலர் 18:12-17). இது கி.பி. 51-52 அளவில் நிகழ்ந்தது. அம்மேடையின் இடிபாடுகளை இன்றும் அங்கே காணலாம். பிலாத்து அமர்ந்திருந்த நியாயாசனத்துக்கும் மத்தேயு (27:19) இதே சொல்லைத்தான் வழங்குகிறார். ஆகவே பரிசளிப்பு விழா என்று சொல்லி இவ்வசனத்தின் கூர்மையை மழுக்குவது பொருந்தாது. மன்னிக்கப்பட்டவனும் நியாயாசனத்தின் முன் நிற்கிறான். எத்தகையவனாய் நிற்கிறான் என்பதே கேள்வி.

கணக்குப் பார்த்த ராஜா

பாவமன்னிப்பும் நியாயத்தீர்ப்பும் ஒரே கதைக்குள் சந்திக்கும் இடம் மத்தேயு 18:23-35. நம் பிரசங்கங்களில் இவ்வுவமை பெரும்பாலும் பிறரை மன்னிக்கவேண்டும் என்ற நல்லுரையாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குள் உள்ள நெருடலை நாம் தவிர்த்துவிடுகிறோம். மன்னித்த கடனை ராஜா திரும்பக் கேட்கிறார் என்பதே அந்நெருடல்.

முதலில் தொகையை நோக்குவோம். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்பது 6 கோடி வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒருநாட் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்து ஒரு காசும் செலவிடாமல் வைத்தாலும் அக்கடனைத் தீர்க்க 2 லட்சம் ஆண்டுகள் வேண்டும். கலிலேயாவும் பெரேயாவும் அந்திப்பா ஏரோதுக்குச் செலுத்திய ஆண்டு வரி 200 தாலந்து என்று யோசேபுஸ் எழுதுகிறார். அப்படியானால் அந்த வேலைக்காரனின் கடன் ஒரு நாட்டின் ஐம்பது ஆண்டு வரிக்கு ஈடு. உடன் வேலைக்காரன் பட்ட கடனோ நூறு வெள்ளிப்பணம். ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. நூறு நாட்கூலி ஓர் ஏழைக்குச் சிறுதொகையன்று என்பதையும் கூறிவிடவேண்டும். நமக்கு இழைக்கப்படும் தீங்கு ஒன்றுமில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. அது நூறு நாள் உழைப்பின் அளவுக்கு வலிக்கும் என்பதை அறிந்தே சொல்லுகிறார்.

இனி, ராஜா இரண்டாம்முறை அவனை அழைத்தபொழுது கேட்டது என்ன? அக்கடன் எப்படி வந்தது, பணம் எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. பழைய கணக்கேடு திறக்கப்படவில்லை. பெற்ற இரக்கத்தை அவன் என்ன செய்தான் என்பதே 32, 33ஆம் வசனங்களில் உள்ள ஒரே குற்றச்சாட்டு. அவன் நியாயந்தீர்க்கப்படுவது கடனாளி என்பதற்காக அன்று, மன்னிப்பைப் பெற்றவன் என்பதற்காகவே. அவனுக்கு அம்மன்னிப்பு ஒரு தப்பித்தல் மட்டுமே ஆயிற்று. ராஜாவின் இரக்கத்தை அவன் பெற்றுக்கொள்ளவே இல்லை. உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்த கையினாலே, தான் இன்னும் பழைய கணக்கேட்டின் ஆட்சியில் வாழ விரும்புவதாக அவனே அறிவித்துவிட்டான். ராஜா அவனை அவன் தெரிந்துகொண்ட ஆட்சிக்கே ஒப்புக்கொடுக்கிறார். யாக்கோபு 2:13 இவ்வுவமையின் சுருக்கம் போலவே அமைந்துள்ளது.

தமிழில் 'கடன்' என்னும் சொல் பட்ட தொகையையும் குறிக்கும், செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும். மத்தேயு 6:12இல் நம் மொழிபெயர்ப்பு கடன் என்ற சொல்லையே காத்துவைத்தது நன்று. தொகை என்ற கடன் நீங்கியவனுக்குக் கடமை என்ற கடன் தொடங்குகிறது. ரோமர் 13:8இல் பவுல், அன்பு ஒன்றே தீராத கடனாய் நிற்கட்டும் என்று கூறுவதும் இதுவே.

பாவங்கள் திரும்புமா?

இவ்வுவமையால் எழுந்த கேள்வியைப் பண்டைய இறையியலாளர் தட்டிக்கழிக்கவில்லை. தொனாத்தியரை எதிர்த்து ஞானஸ்நானத்தைக்குறித்து எழுதிய நூலில் அகஸ்தீன், சகோதரனைப் பகைத்துக்கொண்டே ஞானஸ்நானம் பெறுகிறவனுக்கு மன்னிக்கப்பட்டவை திரும்ப வருகின்றனவா என்று இவ்வுவமையையே முன்வைத்து வினவினார். 12ஆம் நூற்றாண்டில் பேதுரு லொம்பார்டு தம் வாக்கியங்கள் என்னும் நூலில் இதனை ஒரு தனிக் கேள்வியாக்கினார். அவருக்குப்பின் தோமா அக்குவினாஸ் தெளிவான விடை தந்தார். தேவன் மன்னித்த பாவம் அந்தப் பாவமாகவே திரும்ப வருவதில்லை; ஆனால் மன்னிப்பைப் பெற்றபின் செய்யப்படும் பாவத்தில் நன்றிகேடு என்னும் புதுச்சுமை சேருகிறது; சகோதரனைப் பகைப்பது அத்தகைய நன்றிகேட்டில் முதன்மையானவற்றுள் ஒன்று என்பது அவருடைய விளக்கம். மன்னிப்புக்குத் தண்டனை அளவுகளையும் பரிகாரச் செயல்களையும் பிணைத்த அவருடைய முழு அமைப்பை நாம் ஏற்பதில்லை. எனினும் இந்த ஒரு பகுப்பு உவமையை நேர்மையாய் வாசித்ததன் பயன் என்றே கருதுகிறோம். புராட்டஸ்டண்டு நூல்களில் இக்கேள்வி பெரும்பாலும் மறக்கப்பட்டது நமக்கு நஷ்டமே.

சீர்திருத்தக்காரரின் பங்களிப்பு வேறிடத்தில் உள்ளது. துறவியாயிருந்த காலத்தில் லூத்தர் கிறிஸ்துவை நினைக்கும்போதெல்லாம் வானவில்லின்மேல் அமர்ந்த நியாயாதிபதியையே கண்டு நடுங்கினார். அதே லூத்தர் பிற்காலத்தில் அந்நாளை அன்புக்குரிய கடைசி நாள் என்று அழைத்தார். நடுவே நேர்ந்தது நியாயத்தீர்ப்பை மறுத்தல் அன்று. நீதிமானாக்குதல் என்பதே ஒரு நீதிமன்றச் சொல். கடைசி நாளில் சொல்லப்படவேண்டிய தீர்ப்பு விசுவாசத்தினால் இன்றே சொல்லப்படுகிறது என்று அவர் கண்டுகொண்டார். மன்னிப்பு என்பது நியாயத்தீர்ப்பிலிருந்து தரப்பட்ட விதிவிலக்கு அன்று. முன்கூட்டியே வந்தடைந்த நியாயத்தீர்ப்பு.

1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை தன் 52ஆம் கேள்வியில், கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவது உனக்கு என்ன ஆறுதல் என்று வினவுவது இதனால்தான். எச்சரிக்கை யாது என்று கேட்பதே பலருக்கு இயல்பாய்த் தோன்றும். வினாவிடையோ ஆறுதலைக் கேட்கிறது. எனக்குப் பதிலாகத் தேவனுடைய நியாயஸ்தலத்தில் முன்பே நின்றவர்தாமே அங்கே நியாயாதிபதியாய் இருப்பார் என்பது அதன் விடையின் சாரம். 1953இல் வெளிவந்த சபைப் போதனையியல் பகுதியில் கார்ல் பார்த் இதையே விரித்து, நம்முடைய இடத்தில் நியாயந்தீர்க்கப்பட்ட நியாயாதிபதி என்று தலைப்பிட்டார். பிலாத்துவின் பேமாவின் முன் நின்றவரே கடைசி பேமாவில் அமருகிறார்.

எனவே முதியவருக்கு ஒரு விடை உண்டு. உமது வழக்கு வேறொரு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாய்ப் போவதில்லை. தீர்ப்புச் சொன்னவரும் அவரே, அங்கே இருக்கப்போகிறவரும் அவரே.

உரியாவின் பெயர்

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் விதவையின் கேள்விக்கு நாம் முதுகு காட்டியவர்களாவோம். நம் சபைகளில் அவ்வாறு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம். பாவியின் ஆறுதலைப் பேசத் தேர்ந்திருக்கிறோம்; பாவத்துக்கு உள்ளானவனைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்கள் குறைவு.

2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். தாவீது தன் பாவத்தை ஒப்புக்கொண்ட அதே வசனத்தில் நாத்தான் மன்னிப்பை அறிவிக்கிறான். இத்துணை விரைவான மன்னிப்பு வேறெங்கும் அரிது. ஆனால் உரியா? அவன் ரப்பாவின் மதிலடியில் மடிந்துகிடக்கிறான். தன்னைக் கொல்லும் கட்டளையைத் தன் கையாலேயே யோவாபிடம் கொண்டுபோனவன் அவன். அவனிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. 51ஆம் சங்கீதமும் தேவனுக்கு எதிராகவே பாவஞ்செய்ததாகப் பேசுகிறது. அதில் உரியாவின் பெயர் இல்லை. தேவன் தாவீதை மன்னித்ததனால் உரியாவின் வழக்கு தள்ளுபடியாகிவிட்டதா?

இதற்கு விடை எதிர்பாராத ஓரிடத்தில் உள்ளது. மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச அட்டவணையில் தாமாரும் ராகாபும் ரூத்தும் தம் பெயராலே குறிப்பிடப்பட, பத்சேபாளின் பெயர் மட்டும் வரவில்லை. உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே எழுதப்பட்டுள்ளது (1:6). தாவீது மன்னிக்கப்பட்டு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், கிறிஸ்துவின் வம்சவரலாற்றிலேயே உரியாவின் பெயர் நிற்கிறது. இது தாவீதின்மேல் மறுபடியும் குற்றஞ்சாட்டுவதன்று. அவன் அவ்வட்டவணையில் ராஜாவாகவே நிற்கிறான். ஆயினும் மன்னிப்பு உரியாவை அழித்துவிடவில்லை.

அப்படியானால் தேவன் பாவத்தை நினையார் என்ற எரேமியாவின் வாக்கு என்னாயிற்று என்று கேட்கலாம். எபிரெய மொழியில் நினைத்தல் என்பது வெறும் மனச்செயல் அன்று. தேவன் நோவாவை நினைத்தருளினார் (ஆதியாகமம் 8:1) என்றால் தண்ணீர் வற்றத் தொடங்கியது. ராகேலை நினைத்தருளினார் (30:22) என்றால் அவள் கர்ப்பந்தரித்தாள். நினைத்தல் என்பது அதன்படி செயற்படுதல். பாவத்தை நினையாதிருத்தல் என்றால் பாவியின்மேல் அதன்படி செயற்படாதிருத்தல் என்பதே பொருள். தேவனுக்கு ஞாபகமறதி உண்டென்று அதற்குப் பொருளன்று.

மன்னிக்கப்பட்ட பாவங்கள் அந்நாளில் பிறருக்கு வெளிப்படுமா என்ற பழைய விவாதத்தை இவ்வொளியில் நோக்கலாம். லொம்பார்டு வெளிப்படமாட்டா என்ற பக்கம் சாய்ந்தார். 17ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இறையியலாளருள் சிலரும், தேவன் மூடியதைத் தேவனே திறப்பாரா என்று கேட்டு அவ்வாறே கருதினர். அக்குவினாஸோ வெளிப்படும் என்றார். மகதலேனா மரியாளின் பாவங்கள் சபையில் வெளிப்படையாய் நினைவுகூரப்படுகின்றன, அதனால் அவளுக்கு வெட்கமா என்பது அவர் வாதம். நாம் அக்குவினாஸின் பக்கமே நிற்கிறோம். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக மட்டும் அன்று. அவர் வாதம் இன்னும் பாவியையே நடுவில் வைக்கிறது. உரியாவுக்கு உண்மை சொல்லப்படவேண்டும் என்பதற்காகவே நாம் அப்பக்கம் நிற்கிறோம். அந்தகாரத்தில் மறைந்தவை வெளியரங்கமாகும் என்று 1 கொரிந்தியர் 4:5 சொல்லி, உடனே அவரவருக்குத் தேவனிடமிருந்து உண்டாகும் புகழ்ச்சியைப் பேசுகிறது. வெளிப்படுதலும் ஆக்கினையும் ஒன்றல்ல என்பதற்கு அவ்வசனமே சான்று.

தனிமனிதரின் வழக்கில் எழும் இக்கேள்வியை நம் காலத்தில் ஒரு நாடே எதிர்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உண்மை, ஒப்புரவு ஆணையம் 1996 ஏப்ரலில் பொது விசாரணைகளைத் தொடங்கியது. அதன் தலைவர் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாய் வெளிப்படுத்துவோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்படலாம். மனம் வருந்தவேண்டும் என்பது நிபந்தனையன்று. 1977இல் காவலில் மரித்த ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் உள்ளிட்ட சிலர், நீதிமன்றத்துக்குப் போகும் தங்கள் உரிமை இதனால் பறிக்கப்படுகிறது என்று அரசியல் சட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1996இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஓர் அரசு போருக்கு அஞ்சி இவ்வளவே செய்ய இயலும் என்பதை ஏற்கலாம். ஆனால் சபை அறிவிக்கும் மன்னிப்பு இதைவிடக் குறைந்ததாய் இருக்கலாகாது. அந்த ஆணையமாவது உண்மையைச் சொல்லும்படி கேட்டது. நம் எழுப்புதல் கூட்டங்கள் பலவேளை அதையும் கேட்பதில்லை.

யுகோஸ்லாவியாவில் 1984இல் இராணுவப் பணியின்போது விசாரணைகளுக்கு உட்பட்டுத் துன்புற்ற மிரோஸ்லாவ் வோல்ஃப், நினைவின் முடிவைப்பற்றி 2006இல் ஒரு நூல் எழுதினார். வரப்போகும் உலகில் இழைக்கப்பட்ட தீங்குகள் நினைவுக்கு வராமற்போகும் என்பது அவர் கருத்து. ஆனால் உண்மை சொல்லப்பட்டு, நியாயந்தீர்க்கப்பட்டு, தீங்கு செய்தவனும் அதற்கு உள்ளானவனும் ஒப்புரவானபின்னரே அது நிகழும் என்கிறார். அவருடைய முடிவு நமக்கு முழுத்திருப்தி தரவில்லை. உயிர்த்தெழுந்தவரின் கையில் ஆணித்தழும்புகள் இருந்தன அல்லவா? எனினும் அவர் வகுத்த வரிசைமுறை சரியானது. நியாயத்தீர்ப்பைத் தாண்டிக்கொண்டு மறதிக்குச் செல்ல வழியில்லை.

விதவை தேடியது பழிவாங்குதல் அன்று. நடந்தது நடந்தது என்று ஒருவர் சொல்லவேண்டும், அவ்வளவே. இறுதி நியாயத்தீர்ப்பு அவருக்குச் சுவிசேஷமாய் இருப்பது அதனால்தான். அவருடைய மைத்துனருக்கும் அது சுவிசேஷமாகலாம், சகேயு நடந்த வழியில் அவர் நடந்தால். சகேயு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துவதாகக் கூறியது (லூக்கா 19:8) மன்னிப்புக்குக் கொடுத்த விலையன்று. இயேசு அதற்கு முன்னமே அவன் வீட்டுக்குள் வந்துவிட்டார். கடைசி நாளில் வெளிச்சத்துக்கு வரவேண்டியதை அவன் தன் வீட்டுக் கூடத்திலேயே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். மன்னிப்பு முன்கூட்டி வந்த தீர்ப்பு என்றால், திரும்பச் செலுத்துதல் முன்கூட்டி வந்த வெளிப்படுத்தல் எனலாம்.

அந்த முதியவரிடம் நாம் இவற்றில் பெரும்பகுதியைச் சொல்லவில்லை. அவருக்கு நேரமும் இல்லை. அது எடுக்கப்பட்டாலும் உம்மைத் தள்ளுவதற்காக எடுக்கப்படாது என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று யோசித்து, அந்தப் பெண்ணும் அங்கே இருப்பாளா என்று கேட்டார். இருப்பாள் என்றோம். அப்படியானால் அவளிடம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு என்றார். ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக அப்பாவத்துக்கு உள்ளானவளைப்பற்றி அவர் பேசியது அப்போதுதான்.

விதவையின் காரியத்தில் சேகரக் குழு அவருடைய மைத்துனரை அழைத்துப் பேசியது. அவர் மனம் புண்பட்டு வேறொரு சபைக்குப் போய்விட்டார். பத்திரம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அம்மையார் ஓய்வுநாள்தோறும் தம் வழக்கமான இடத்தில் வந்து அமருகிறார். கர்த்தருடைய ஜெபத்தில் கடன்காரரைப்பற்றிய விண்ணப்பம் வரும்போது அவருடைய உதடுகள் நின்றுவிடுவதை நாம் பீடத்திலிருந்து கவனித்திருக்கிறோம். அதைக்குறித்து அவரிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.